ஐம்பதிலும் வளையலாம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன வேண்டுகோள். கைதட்டுவதாக இருந்தால் கொஞ்சம் மெதுவாகத் தட்டுங்கள். என் இரண்டு காதிலும் மிஷின் இருக்கிறது. நீங்கள் தட்டுவது எனக்குப் பட்டாசு வெடிப்பது போல் கேட்கும். ஒருவருமே தட்டவில்லை என்றாலும் பரவாயில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

நம் சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "அண்ணே, நீங்க கொஞ்ச நேரம் பேசணும். 'வாழ்க்கையில் வெற்றி'ன்னு தலைப்பு வச்சுக்கலாமா?" என்றார். "வெற்றியைப் பத்திப் பேச நிறைய பேர் இருக்காங்க தம்பி. நான் வயசாகறதைப் பத்திப் பேசறேன்" என்றேன். "ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் வருவாங்களேண்ணே..." என்று இழுத்தார். "ஏன், அவங்களுக்கு வயசாகாதா?" என்று கேட்டேன். இப்படித்தான் இந்தத் தலைப்பு முடிவாயிற்று.

வாத்தியார் சொன்ன பழமொழி

நான் கே.ஜி.கண்டிகையைச் சேர்ந்தவன். அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து படித்துப் பட்டம் வாங்கியவன். பிறகு 34 வருஷம் அரசுப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக வேலை பார்த்து, 2015-ல் 58 வயதில் ஓய்வு பெற்றேன். இப்போது வயது 68.

அந்த 34 வருஷமும் என் வாயில் அடிக்கடி வந்த பழமொழி ஒன்று உண்டு. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" வாய்ப்பாடு ஒப்பிக்காத பையனிடம் சொல்வேன். பையன் படிக்கவில்லை என்று வந்து நிற்கும் அப்பா அம்மாவிடம் சொல்வேன். கடைசி எட்டு வருஷம் அதைச் சொன்னபோது எனக்கே ஐம்பது ஆகிவிட்டது என்பது மட்டும் உறைக்கவே இல்லை. ஐம்பதில் வளையாது, வளையாது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன், தான் வளைய வேண்டிய நேரம் வந்தபோது விறைத்துக்கொண்டு நின்றேன். அதனால் ஒரு நல்ல நண்பனை இழக்கப் பார்த்தேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் அவ்வாவைப் பற்றி இரண்டு வார்த்தை. எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு 'அவ்வா' யார் என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அப்பாவைப் பெற்ற பாட்டி.

வீடு நகரவில்லை, மாநிலம் நகர்ந்தது

அவ்வா பிறந்தது 1905 வாக்கில். அப்போது திருத்தணிச் சீமை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி இந்தப் பகுதியை அதில் சேர்த்தார்கள். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து நாமும் ஆந்திராவுக்குப் போனோம். 1956-ல் அது ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் செய்த சமரசம், அதற்கான சட்டம் எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1969-ல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் வந்ததைப் பார்க்க அவ்வா இல்லை.

கணக்கு வாத்தியார் என்பதால் எண்ணிப் பார்த்தேன். ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவிக்கு மாநிலமும் மாவட்டமும் ஐந்து தடவை மாறியிருக்கிறது. நான் பிறந்ததே ஆந்திரப் பிரதேசத்தில்தான். நடக்கக் கற்றுக்கொண்டு கொஞ்ச நாளில் சென்னை மாநிலத்துக்காரன் ஆகிவிட்டேன்.

இதனால் அவ்வா கலங்கினாரா? இல்லை. "எந்த ஊர் அவ்வா?" என்று கேட்டால் "கண்டிகை" என்பார். வீட்டில் தெலுங்கு பேசுவார், கடையில் தமிழ் பேசுவார். எதிரில் இருப்பவருக்கு எது புரியுமோ அது. வயதான காலத்தில் கண் மங்கியபோது அரிசியில் கல் பொறுக்கும் வேலையை என் அக்காவிடம் கொடுத்துவிட்டு, "எனக்குக் கண்ணு தெரியலம்மா, நீ பாரு. நான் பூண்டு உரிக்கிறேன், அதுக்குக் கண்ணு வேணாம், விரல் போதும்" என்றார். அவ்வளவுதான். ஒரு புலம்பல் கிடையாது, மறைப்பும் கிடையாது.

பட்டம் வாங்கிய பேரனுக்கு இந்தப் பக்குவம் வரவில்லை என்பதுதான் இனி நான் சொல்லப் போவது.

வெள்ளெழுத்தை ஒப்புக்கொண்டேன், காதை ஒப்புக்கொள்ளவில்லை

நாற்பது வயதில் எல்லோருக்கும் வருவது வெள்ளெழுத்து. கண்ணில் இருக்கும் வில்லை வயதாக ஆக இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வளைந்து கொடுக்க முடியாமல் போகிறது. பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிப் பிடிப்போம். கை நீளம் போதாது என்று தெரிந்ததும் கண்ணாடிக் கடைக்குப் போவோம். இதில் யாருக்கும் வெட்கமில்லை. கண்ணாடி போட்டால் ஆள் படித்தவர் மாதிரி தெரிகிறார் என்று ஒரு பெருமைகூட உண்டு.

காது விஷயம் அப்படி இல்லை. கண்ணாடி போட்டவரை 'சார்' என்கிறோம். காது கேட்காதவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் நான் பல வருஷம் ஒளிந்து வாழ்ந்தேன்.

ஐம்பத்தைந்து வயது வாக்கிலேயே ஆரம்பித்துவிட்டது. வகுப்பில் பின் பெஞ்சில் இருந்து பதில் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்து, "வாயில என்ன கொழுக்கட்டையா? சத்தமா சொல்லு" என்பேன். மெல்லிய குரலில் பேசும் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். கணக்கில் கெட்டி. அவள் சொன்ன விடை என் காதில் தப்பாக விழுந்து, இரண்டு மூன்று தடவை அவளை நிற்க வைத்திருக்கிறேன். அவள் கையே தூக்காமல் போனாள். பிறகு ஒரு நாள் நோட்டைத் திருத்தும்போது பார்த்தேன், எல்லாம் சரியான விடை. அப்போதும் எனக்குத் தோன்றியது, "இந்தப் பொண்ணு ஏன் வாயைத் திறந்து பேச மாட்டேங்குது?" என்பதுதான். தப்பு என் காதில் இருக்கும் என்று தோன்றவில்லை.

வீட்டில் இன்னும் மோசம். "ஏங்க, தட்டு எடுங்க" என்பாள் என் மனைவி. எனக்குப் 'பட்டு எடுங்க' என்று விழும். "இந்த வயசுல எதுக்குடி பட்டு?" என்று எரிந்து விழுவேன். டி.வி. சத்தத்தை ஏற்றி வைப்பேன். கல்யாண மண்டபத்தில் நாலு பேர் சிரித்தால் நானும் சிரிப்பேன், எதற்கென்று தெரியாமல். போனில் யாராவது பேசினால் ஒரு வித்தை கற்று வைத்திருந்தேன்: "சரி சரி... ஆமாமா... பார்க்கலாம்." இந்த மூன்று வார்த்தையில் முக்கால்வாசிப் பேச்சைச் சமாளித்துவிடலாம்.

முழுப் பேச்சையும் சமாளிக்க முடியாது என்று 2019-ல் தெரிந்தது.

அந்த ஒரு போன்

எனக்குப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் என்னோடு இதே கல்லூரியில் படித்தான். மூன்று வருஷம் ஒரே பஸ்ஸில் வருவோம், ஒரே பஸ்ஸில் போவோம். அவன் டிபன் பாக்ஸில் பாதி எனக்கு, என்னுடையதில் பாதி அவனுக்கு. வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆன பிறகும் வாரம் ஒரு முறையாவது பார்த்துக்கொள்வோம். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றான், சொல்லவில்லை.

ஒரு நாள் ராத்திரி அவனிடமிருந்து போன். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அவன் குரலும் ரொம்பத் தணிந்து இருந்தது. என்னவோ சொன்னான். "நாளைக்கு" என்பது காதில் விழுந்தது. "வரியா?" என்பது விழுந்த மாதிரி இருந்தது. நடுவில் இருந்தது எதுவும் புரியவில்லை. "என்னடா சொல்ற, இன்னொரு தரம் சொல்லு" என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகாது. கேட்கவில்லை. "சரிடா, சரிடா, பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏதோ கல்யாணம், காதுகுத்து என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் சொன்னது இதுதான்: நெஞ்சு வலி வந்து டாக்டரிடம் போயிருக்கிறான். நாளைக்குச் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும். மகன் வெளிநாட்டில். மனைவிக்குச் சென்னை பழக்கமில்லை. "காலையில ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு, கூட இரு. எனக்குப் பயமா இருக்குடா."

நான் "சரிடா" என்று சொன்னதை நம்பி, ஆறு மணியில் இருந்து ஏழரை மணி வரை பையோடும் மனைவியோடும் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறான். இரண்டு தடவை போன் செய்தானாம். நான் தோட்டத்தில் இருந்தேன்; போன் உள்ளே அடித்தது எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவர்கள் இருவருமாகவே போய்விட்டார்கள். ஒரு அடைப்பு இருந்து, ஸ்டென்ட் வைத்து, நல்லபடியாகத் திரும்பிவிட்டான். ஆனால் அதன் பிறகு என்னிடம் பேசவில்லை.

நானும் சும்மா இருந்தேனா? "என்ன இவன், ஒரு போன் கூட இல்லை, தலைக்கனம் வந்துடுச்சு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவன் மனைவியைப் பார்த்தேன். அந்தம்மா கோபப்படவில்லை. "அண்ணா, அன்னைக்கு நீங்க வருவீங்கன்னு அவரு ரோட்டையே பார்த்துட்டிருந்தாரு" என்றார். மண்டபத்தில் நாதஸ்வரம், மேளம். அதையும் முதல் தடவையில் எனக்குப் பிடிக்க முடியவில்லை. "என்னம்மா சொன்னீங்க?" என்று என் வாழ்க்கையில் முதல் முறையாக வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் இரண்டாம் தடவை சொன்னார்.

சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முடிந்ததும் ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். இடது பக்கம் கீழ் ஸ்தாயிச் சத்தம், வலது பக்கம் மேல் ஸ்தாயிச் சத்தம். என் கோடு இடது பக்கம் ஏதோ சுமாராக இருந்து, வலது பக்கம் போகப் போகச் சரிந்து விழுந்தது. 34 வருஷம் கரும்பலகையில் கோடு வரைந்து "இதன் சாய்வு என்ன?" என்று கேட்டவன் நான். என் கோட்டின் சாய்வை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அங்கே இருந்த அம்மணி பொறுமையாக விளக்கினார். உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு; அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மெல்லிய மயிரிழைச் செல்கள். மேல் ஸ்தாயியைப் பிடிக்கும் செல்கள் வாசல் பக்கத்தில் இருப்பதால் முதலில் தேய்வது அவைதான். போனால் திரும்ப முளைக்காது. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற ஒலிகள் கீழ் ஸ்தாயியில், பலமாக வரும். க, ச, த, ப போன்றவற்றை வேறுபடுத்திக் காட்டும் நுணுக்கமெல்லாம் மேல் ஸ்தாயியில், சன்னமாக வரும். "அதனாலதான் சார், பேசறது கேக்குது, ஆனா புரியலைன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் முதலில் நழுவுவதற்கும் இதுதான் காரணம்.

எனக்கு என் தமிழய்யா நினைவுக்கு வந்தார். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு என்று ஆரம்பிப்பாரே, அவர். எனக்கு உயிரெழுத்து கேட்டுக்கொண்டிருந்தது, மெய்யெழுத்து போய்விட்டது. தட்டு பட்டானது அப்படித்தான். அந்தப் பெண் பிள்ளையின் சரியான விடை தப்பானதும் அப்படித்தான். அவள் வாயில் கொழுக்கட்டை எதுவும் இல்லை.

இது எனக்கு மட்டும் வந்த விதி என்று நினைத்திருந்தேன். 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல், வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த ஹாலில் முன்னாள் மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைகளை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது நான் சொல்வது கேட்காமல் தலையாட்டிக்கொண்டிருப்பவர்களும் இங்கே இருப்பார்கள். உங்களை எனக்குத் தெரியும். நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான்.

மிஷின் வாங்கினேன். மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். முதல் நாள் பேப்பர் திருப்பும் சத்தம் தகரத்தைக் கிழிப்பது போல் இருந்தது. பாத்திரம் வைக்கும் ஓசைக்குத் துள்ளி எழுந்தேன். பல வருஷமாகக் கேட்காமலிருந்த சத்தத்தை எது வேண்டும், எது வேண்டாம் என்று மூளை மறுபடி பிரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். நிறையப் பேர் இரண்டாம் நாளே கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். நான் முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மாதம் ஆனபோது ஒரு நாள் விடியற்காலையில் ஏதோ சத்தம் கேட்டு மிஷினில் கோளாறு என்று நினைத்தேன். "அது குருவிங்க" என்றாள் என் மனைவி.

மன்னிப்புக் கேட்கப் போன கதை

குருவிச் சத்தம் கேட்ட அன்றே நண்பன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவன், "வா" என்றான். 'வாடா' என்று சொல்லவில்லை. அது காதில் தெளிவாகவே விழுந்தது.

உட்கார்ந்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சமாதானம் எல்லாம் மறந்துவிட்டது. "எனக்குக் காது கேக்கலடா. இன்னைக்கு நேத்து இல்ல, ஏழெட்டு வருஷமா. அன்னைக்கு நீ போன்ல சொன்னது ஒண்ணும் விழல. விழலன்னு சொல்ல வெக்கமா இருந்தது. சரிடான்னு சொல்லிட்டேன்" என்று சொல்லி, காதில் இருந்த மிஷினைக் கழற்றிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஏமிரா, இதை அன்னைக்கே சொல்றதுக்கு இன்னா? கேக்கலன்னு சொல்லியிருந்தா இன்னொரு தரம் சத்தமா சொல்லியிருப்பேன். அவ்ளோதானே?" என்றான்.

நண்பர்களே, அவ்வளவுதான். இந்த 'அவ்ளோதானே' என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் இன்று இவ்வளவு நேரம் பேசுகிறேன். என் காது கேட்காமல் போனதால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான் அதை மறைத்ததால்தான் அவன் ஒன்றரை மணி நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றான். வயதினால் வரும் மாற்றத்தை நாம் மறைத்தால், அதற்கான விலையை நம் பக்கத்தில் இருப்பவர்கள் கொடுக்கிறார்கள். என் மனைவி கொடுத்தாள், அந்த மாணவி கொடுத்தாள், என் நண்பன் கொடுத்தான்.

கிளம்பும்போது அவன் மெதுவாக, "எனக்கும் ஒண்ணு இருக்குடா. ராத்திரியில வண்டி ஓட்ட முடியல. எதிர்ல லைட் அடிச்சா கண்ணு கூசுது, ஒண்ணும் தெரியல. வீட்ல இன்னும் சொல்லல" என்றான். அடுத்த மாதமே கண் டாக்டரிடம் இருவரும் சேர்ந்து போனோம். கண்புரை. எடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டில் ஆறு மணிக்கு முன்னால் போய் நின்றது நான்.

ஒப்புக்கொள்வதும் கைவிடுவதும்

இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். மாற்றத்தை ஏற்றுக்கொள் என்றால், வயசாயிடுச்சு, மூலையில் உட்கார் என்று அர்த்தமா? இல்லை. கண் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்ட எங்கள் அவ்வா, வேலையை விடவில்லை, பூண்டுக்கு மாறிக்கொண்டார். ஒப்புக்கொண்டால்தான் அடுத்து என்ன செய்யலாம் என்ற யோசனையே வரும்.

திருத்தணியில் பிறந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். 1888-ல் தெலுங்கு பேசும் ஒரு எளிய குடும்பத்தில் பிறந்து, தத்துவப் பேராசிரியராகவும் துணைவேந்தராகவும் நாற்பது வருஷம் கல்வித் துறையிலேயே இருந்தவர். 60 வயதுக்குப் பிறகு, 1949-ல், முற்றிலும் புதிய வேலையாக சோவியத் யூனியனுக்குத் தூதராகப் போனார். குடியரசுத் தலைவரானது 1962-ல், 73 வயதில். அவர் பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். வாத்தியார்கள் அவரிடம் கற்க வேண்டியது, ரிட்டையர் ஆகும் வயதில் அவர் மறுபடி மாணவர் ஆனதைத்தான்.

அவ்வளவு பெரிய இடம் வேண்டாம் என்றால், நம் மலைப் படியிலேயே இன்னொருவர் இருக்கிறார். வள்ளிமலை சுவாமிகள். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். நடுவயதில் பழனிக்குப் போன இடத்தில் திருப்புகழைக் கேட்டு மனம் பறிகொடுத்து, அதைப் படிப்பதற்காகவே எழுத்துக் கற்றுக்கொண்டார் என்று அவர் வரலாறு சொல்கிறது. புத்தாண்டு அன்று வெள்ளைக்கார அதிகாரிகளைப் போய்ப் பார்த்து வணங்கும் வழக்கம் இருந்த காலத்தில், முதல் வணக்கம் தணிகை முருகனுக்கு இருக்கட்டும் என்று டிசம்பர் 31 படித் திருவிழாவை ஆரம்பித்தவர் அவர்தான். ஐந்தில் வளையாத ஒருவர் நடுவயதில் வளைந்ததன் பலனைத்தான் நாம் ஒரு நூற்றாண்டாகக் கொண்டாடி வருகிறோம்.

விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், சராசரி 90 வயதுள்ள முதியோர் இல்லத்தவர் பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 1990-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, கால் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆயிற்று. ஐம்பதில் வளையுமா என்று கேட்டோம், தொண்ணூறிலேயே வளைந்திருக்கிறது.

ஆகவே, என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது: கண், காது, முழங்கால், ஞாபகம் இவற்றில் எது மாறினாலும் முதலில் வீட்டில் வாய் விட்டுச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் "கேட்கவில்லை" என்று சொல்லுங்கள்; "சரி சரி" வேண்டாம். 60 ஆனதும் ஒரு முறை காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். கேட்கும் திறன் குறைவதை அப்படியே விட்டால் மறதி நோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். மிஷின் வாங்க வசதியில்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தகுதி உள்ளவர்களுக்கு அரசே கொடுக்கிறது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தாத்தாவுக்கு, நாளைக்கு உங்கள் அப்பாவுக்கு, காது மந்தமானால் கத்தாதீர்கள். கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகும். மெய்யெழுத்து அப்படியே இருக்கும். முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் நின்று, கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். ஒரு தடவை புரியவில்லை என்றால் அதையே மறுபடி சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். "அட, ஒண்ணுமில்ல விடு தாத்தா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த 'ஒண்ணுமில்ல' எங்களுக்கு நன்றாகவே கேட்கும்.

தணிகை

முடிப்பதற்கு முன் நம் மலையைப் பற்றி ஒன்று. சூரனை வென்ற முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்கிறோம். அதனால்தான் மற்ற ஊர்களில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே அது கிடையாது. பூவால் அர்ச்சனை மட்டும். சின்ன வயதில், "நம்ம ஊர்ல மட்டும் ஏன் சண்டை இல்ல?" என்று எனக்கு வருத்தம். இப்போது புரிகிறது. தணிவது தோற்பது ஆகாது. சண்டையை முடித்தவருக்குத்தான் தணிய முடியும். நான் ஏழெட்டு வருஷம் என் காதோடு சண்டை போட்டவன். தணிந்த பிறகுதான் குருவிச் சத்தம் கேட்டது.

கல்லூரி நாட்களில் நானும் அவனும் மலைப் படி 365-ஐயும் பந்தயம் வைத்து ஓடி ஏறுவோம். மேலே போய் யார் முதலில் தண்ணீர் குடிப்பது என்று போட்டி. போன டிசம்பர் 31 ராத்திரி மறுபடி போனோம். மேலே போக ரோடு இருக்கிறது, வண்டி போகும். அதில் போக எங்களுக்கு வெட்கம் இல்லை. மற்ற நாட்களில் அதில்தான் போகிறோம். ஆனால் படித் திருவிழாவில் யாரும் ஓடுவதில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடி, அதன் பிறகுதான் அடுத்த படி. 68 வயது முழங்காலுக்கு என்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், இருட்டில் படி சரியாகத் தெரியாது என்று. பாட்டில் எந்த அடி போகிறது என்று எனக்குப் புரியாத இடத்தில் அவன் காதருகே சொன்னான். அவனுக்கு நான் கைத்தடி. எனக்கு அவன் மெய்யெழுத்து.

இருபது வயதில் அந்தப் படிகளில் எத்தனையோ தடவை ஓடியிருக்கிறேன். ஒரு படியைக் கூட நின்று பார்த்ததில்லை.